வேறு உலகத்தில் அதே ஆள்

ஒரு கதாபாத்திரத்தை அதன் கதையிலிருந்து பெயர்த்தெடுத்து வேறொரு உலகத்தில் நட்டால், முளைப்பது அதே பாத்திரம்தானா? கேள்வி பழையது. ஆனால் இதைச் சட்டதிட்டமாக எழுதி வைத்துக்கொண்டு, அதன் மீது நாள்தோறும் வழக்காடுகிறவர்கள் இன்று இருக்கிறார்கள். நம் விமர்சகர்கள் அவர்களைப் பொருட்படுத்துவதில்லை. சிறுபிள்ளை விளையாட்டு என்பார்கள். விளையாட்டுத்தான். ஆனால் நம் இலக்கியச் சூழலில் யாரும் எழுப்பாத தார்மீகக் கேள்வி ஒன்றை இந்த விளையாட்டு எழுப்புகிறது என்பதால் இதை எழுதுகிறேன்.

காரியம் இதுதான். சிலர் கூடுகிறார்கள். நாவல்களிலிருந்தும் சினிமாவிலிருந்தும் தொலைக்காட்சித் தொடர்களிலிருந்தும் ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொள்கிறார்கள். அவரவர் பாத்திரத்தின் பேச்சையும் செயலையும் அவரவரே எழுத, கதை எல்லோரும் சேர்ந்து இழுக்கும் தேர் மாதிரி நகர்கிறது. இதில் ஒருவர், நான் கொண்டுவரும் ஷெர்லக் ஹோம்ஸ் வாட்ஸனைச் சந்திக்கவே இல்லை என்கிறார். இன்னொருவர், என்னுடையவன் துப்பறிபவன் அல்ல, கொலைகாரன் என்கிறார். இவை மாற்றுலகப் பாத்திரங்கள். ஜனரஞ்சகத்தில் இதற்குப் பிரசித்தமான முன்மாதிரி 1967-ல் ஒளிபரப்பான 'ஸ்டார் ட்ரெக்' தொடரின் ஒரு பகுதி. அதில் கப்பலின் அதிகாரிகள் நால்வர் தங்கள் உலகத்தின் தலைகீழ்ப் பிரதி ஒன்றுக்குள் போய் விழுகிறார்கள். அங்கே எல்லாம் கொடுமை, சூழ்ச்சி. அங்குள்ள ஸ்பாக்குக்குத் தாடி இருக்கிறது. ஆனால் தாடியைத் தாண்டி அவன் ஸ்பாக்காகவே இருக்கிறான். அந்தக் கொடிய உலகத்திலும் தர்க்கத்துக்குக் கட்டுப்படுகிறான். அந்தப் பகுதி இன்னும் ஞாபகத்தில் நிற்பதற்குத் தாடி காரணமில்லை என்று நினைக்கிறேன்.

இப்படிப்பட்ட பாத்திரங்களை அனுமதிக்கக் குழுக்கள் விதி வகுக்கின்றன. குழுவுக்குக் குழு வாசகம் மாறலாம், சாரம் பெரும்பாலும் ஒன்றுதான். உன் உலகம் மூலத்திலிருந்து எந்த இடத்தில் கிளை பிரிகிறது என்று சொல். அந்தக் கிளையிலிருந்து தொடரும் விளைவுகளையெல்லாம் ஏற்றுக்கொள். தகப்பன் சாகவில்லை என்று மாற்றிவிட்டு, தகப்பனில்லாப் பிள்ளையின் கசப்பை மட்டும் வைத்துக்கொள்ளாதே. ஏற்கெனவே ஒருவர் எடுத்துக்கொண்ட பாத்திரத்தை 'இது வேறு உலகத்து ஆள்' என்ற சாக்கில் நீயும் எடுத்துக்கொள்ளாதே. மற்றவர் பாத்திரம் என்ன செய்தது, என்ன உணர்ந்தது என்று நீ எழுதாதே. அவன் அடிக்கக் கை ஓங்கினான் என்று எழுதலாம், மற்றவன் விழுந்தான் என்று எழுத உனக்கு உரிமையில்லை. விழுவதா, விலகுவதா என்பது அவன் பாடு.

இந்தக் கடைசி விதியை நான் வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். கலை பற்றிய விதி அல்ல இது. பிறன் என்று ஒருவன் இருக்கிறான் என்பதைப் பற்றியது.

நண்பர் ஒருவர், நல்ல கவிஞர், இதையெல்லாம் கேட்டுவிட்டுச் சிரித்தார். காகிதத்தில் இருக்கிறவளுக்கு என்ன அய்யா வலிக்கப் போகிறது, இல்லாதவளுக்கு அநியாயம் எப்படிச் செய்ய முடியும் என்றார். வலுவான கேள்வி. 'நம் மனத்தில் அவள் இருக்கிறாள்' என்று நெகிழ்ந்து பேசி இதைத் தாண்டிவிட முடியாது. நெகிழ்ச்சி பதிலாகாது.

தத்துவத்தில் இதற்குப் பக்கத்தில் ஒரு சண்டை நடந்திருக்கிறது. டேவிட் லூயிஸ் 1968-ல் எழுதிய கட்டுரையில், யாரும் இரண்டு உலகங்களில் இருப்பதில்லை என்றார். நான் வேறு விதமாக இருந்திருக்கலாம் என்று சொன்னால், வேறொரு சாத்திய உலகத்தில் என்னை வெகுவாக ஒத்த ஒருவன் அவ்விதமாக இருக்கிறான் என்றுதான் பொருள். அவன் நானல்ல, எனக்கு இணை. ஸோல் கிரிப்கே 1970-ல் பிரின்ஸ்டனில் ஆற்றிய உரைகளில் இதை மறுத்தார். பெயர் எல்லா உலகங்களிலும் அதே ஆளைத்தான் பற்றுகிறது. நிக்ஸன் தோற்றிருந்தால், தோற்றது நிக்ஸனேதான், நிக்ஸன் மாதிரி யாரோ அல்ல. கிரிப்கே எடுத்த உதாரணத்தில் தர்க்கத்தைவிட மனித சோகம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. 1968 தேர்தலில் நிக்ஸனிடம் தோற்றவர் ஹ்யூபர்ட் ஹம்ஃப்ரி. 'நான் ஜெயித்திருக்கலாமே' என்று ஹம்ஃப்ரி ஏங்கினால், எங்கோ அவரைப்போல் ஒருவர் ஜெயித்திருக்கிறார் என்பது அவருக்கு என்ன ஆயிற்று? தன்னை எவ்வளவுதான் ஒத்திருந்தாலும், வேறொருவனின் வெற்றி ஏக்கத்தைத் தீர்ப்பதில்லை.

ஹம்ஃப்ரியின் இந்த ஏக்கம் தமிழில் ஒரு பெண்ணுக்கு நேர்ந்திருக்கிறது.

ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' 1966-ல் ஆனந்த விகடனில் வந்தது. மழை நாள், கல்லூரிப் பெண், கார். வீடு திரும்பிய பெண்ணைத் தாய் தலையில் தண்ணீர் கொட்டிக் குளிப்பாட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். அந்த முடிவைப் பொறுக்காதவர்கள் கிளம்பினார்கள். தங்களுக்குப் பிடித்த முடிவோடு மாற்றி எழுதியவர்களும் உண்டு. பிறகு ஜெயகாந்தனே மாற்றினார். தினமணி கதிரில் 'காலங்கள் மாறும்' என்று தொடராக வந்து, 1970-ல் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' என்று புத்தகமான நாவலில் தாய் தண்ணீர் கொட்டவில்லை. கூச்சலிடுகிறாள். ஊருக்குத் தெரிகிறது. அண்ணன் வீட்டைவிட்டுத் துரத்துகிறான். கிளை பிரியும் இடம் ஒரு தாயின் ஒரு நிமிஷம், அவ்வளவுதான். அதிலிருந்து கங்காவின் படிப்பு, உத்தியோகம், தனிமை, பேச்சின் கூர்மை, ஆண்களைப் பார்க்கும் பார்வை எல்லாம் வேறாகக் கணக்கிடப்படுகின்றன. விளைவுகளை ஏற்றுக்கொள் என்ற விதியைத் தமிழில் இவ்வளவு கடைசி வரைக்கும் கொண்டுபோன இன்னொரு நாவலை நான் அறியேன். ஜெயகாந்தனின் உரத்த குரல் எனக்கு உவப்பானதல்ல. இருந்தாலும் இதைச் சொல்லியாக வேண்டும்.

ஆனால் விஷயம் இதோடு நிற்கவில்லை. நாவலுக்குள்ளே ஆர்.கே.வி. என்று ஒரு எழுத்தாளர் இருக்கிறார். அவர் 'அக்கினிப் பிரவேசம்' எழுதியிருக்கிறார். கங்கா அதைப் படிக்கிறாள். தனக்கு நடந்ததே அச்சில் இருக்கிறது, தாயின் மன்னிப்பு ஒன்று மட்டும் தனக்குக் கிடைக்காதது. அதாவது, மாற்றுலகத்தில் தான் எப்படி இருந்திருப்பாள் என்பதை இந்த உலகத்திலிருந்து அவள் வாசிக்கிறாள். அந்தப் பெண் யார்? லூயிஸ் சொன்னபடி இணை என்றால் கங்காவுக்கு அது யாரோ ஒருத்தியின் அதிர்ஷ்டம். கதையை மூடிவிட்டு ஆபீஸ் போகலாம். அவளால் முடியவில்லை. அது நான்தான், எனக்கு நடந்திருக்க வேண்டியது என்று படுவதால்தான் அவள் அந்தக் கதையை விட்டுவிட முடியாமல் அதை எழுதியவரைத் தேடிப் போகிறாள். வலி கிரிப்கேயின் பக்கம் நிற்கிறது.

இதில் ஒரு சங்கடம். கிரிப்கே பெயரைப் பிடித்துக்கொண்டு உலகங்களைத் தாண்டுகிறார். 'அக்கினிப் பிரவேச'த்துப் பெண்ணுக்குப் பெயரே கிடையாது. பின்னே எதைப் பிடித்துக்கொண்டு இவள் அவள் என்கிறோம்? குணத்தையும் பிடிக்க முடியாது. அந்தப் பெண் பேதை, கங்கா நாக்கில் அரம் உள்ளவள். ஒப்புமை குறைவு, தர்க்கப்படி இணையாகக்கூட இவள் தேறமாட்டாள். பற்றுவது அந்த மழையும் காரும் அந்தச் சாயங்காலமும்தான். கிரிப்கேயிடமே இதற்கும் இடம் இருக்கிறது: ஒரு ஆளுக்கு எல்லாம் மாறலாம், பிறப்பின் மூலம் மாறமுடியாது என்றார் அவர். கதாபாத்திரத்துக்குப் பிறப்பு என்பது தாய் வயிற்றில் நடப்பதல்ல, அதற்கு நேர்ந்த முதல் காயத்தில் நடப்பது. கங்கா பிறந்தது அந்தக் காரில். அதை மாற்றியிருந்தால் வேறு பெண்.

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு, அதிகம் மாற்றி எழுதப்பட்டவர்களில் ஒருத்தியான அகலிகையிடம் போகலாம். மாற்றி எழுதியது நவீனர்கள் மட்டும் என்று நினைக்க வேண்டாம். வான்மீகத்திலேயே இரண்டு அகலிகைகள். பால காண்டத்தில் வந்திருப்பது இந்திரன் என்று தெரிந்தே இசைகிறாள்; உத்தர காண்டத்தில் தெரியாமல் கெட்டேன் என்கிறாள். பால காண்டத்தில் சாபமும் கல்லாவது அல்ல. யார் கண்ணுக்கும் படாமல் காற்றைப் புசித்துச் சாம்பலில் கிடப்பது. கம்பனில் அவள் கல். நடுவில் உணர்கிறாள், உணர்ந்தும் விலகாமல் இருந்துவிடுகிறாள். ஆனால் கம்பனின் விசுவாமித்திரன், உள்ளத்தால் பிழைக்காதவள், ஏற்றுக்கொள் என்று கௌதமனிடம் சொல்கிறான். மூலம் எது, மாற்று எது என்று பிரிக்கும் இடமே இங்கு கலங்கிவிடுகிறது. ஆனாலும் எல்லாவற்றிலும் அகலிகை பிறக்கும் இடம் ஒன்றே: கணவனின் உருவத்தில் வேறொருவன் வாசலில் நிற்கிறான்.

கவனிக்க வேண்டும், அகலிகையின் கதையே ஒரு பிரதியின் கதை. வேறு உலகத்து கௌதமன் ஒருவன், அதே சடை, அதே குரல், உள்ளே வந்துவிடுகிறான். விதி சொல்கிறதே, ஏற்கெனவே ஒருவர் ஏற்ற பாத்திரத்தை இரண்டாவதாக எடுத்துக்கொண்டு வராதே என்று. இந்திரன் செய்தது அதுதான். மற்றவர் என்ன உணர்ந்தார் என்று நீ தீர்மானிக்காதே என்ற விதியையும் சேர்த்தே மீறினான்.

புதுமைப்பித்தன் இரண்டு தடவை இவளிடம் போனார். முதலில் எழுதிய 'அகல்யை' கௌதமரின் கதை. மன்னிக்கிற கணவனின் கதை. 1943-ல் கலைமகளில் வந்த 'சாப விமோசனம்' வேறு தரம். ராமாயணம் அறிந்தவர்களுக்குப் பிடிக்காமல் போகலாம், அதைப் பொருட்படுத்தவில்லை என்ற தொனியில் முன்னால் ஒரு குறிப்பும் வைத்தார். அந்தக் குறிப்பைப் பிடித்துக்கொண்டு அவரை மரபுடைப்பவர் என்று கொண்டாடுவது நம் வழக்கம். எனக்கென்னவோ, அந்தக் கதையில் அவர் உடைத்தது மிகக் கொஞ்சம் என்று படுகிறது. கல் பெண்ணாவது அப்படியே. ராமன் அப்படியே. வனவாசம், போர், அக்னிப் பரீட்சை எல்லாம் அப்படியே. அவர் செய்த மாற்றம், அக்னிப் பரீட்சைச் செய்தியை அகலிகையின் காதில் விழச் செய்தது. வான்மீகத்தில் அகலிகை விமோசனம் பெற்றதோடு சரி, சீதைக்கு நடந்தது அவளுக்கு எட்டியதாகச் செய்தி இல்லை. இங்கே சீதையே வந்து சொல்கிறாள். தன்னைத் தூக்கிவிட்டவன் தன் மனைவியைத் தீயில் இறங்கச் செய்தான் என்று அகலிகை கேட்கிறாள். மற்றது தானாக நடக்கிறது. கௌதமர் நெருங்கும்போது அவரே அவளுக்கு இந்திரனாகத் தோன்ற, திரும்பவும் கல்லாகிறாள். வாசலில் நின்ற பிரதி கடைசியில் அசலையே விழுங்கிவிட்டது. இது புதுமைப்பித்தன் சேர்த்த கருத்து இல்லை. அவளுடைய பிறப்பிலேயே கிடந்த விதை.

இதற்கு எதிர்முனையில் புலவர் குழந்தையின் 'இராவண காவியம்'. 1946-ல் வெளிவந்தது, 1948-ல் தடை செய்யப்பட்டது, 1971-ல்தான் தடை நீங்கியது. அரசு ஒரு காவியத்தைத் தடை செய்வது வெட்கக்கேடு. அந்தக் காலத்து அரசியலில் அந்தத் தலைகீழாக்கத்துக்கு ஒரு தேவை இருந்தது என்பதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் அதன் இராவணன் யார்? இராமனுக்கு இருந்த பீடத்தில் ஏற்றி உட்கார வைக்கப்பட்டவன். சபலம் கிடையாது, இடறல் கிடையாது. கம்பனின் இராவணனை இராவணனாக்கியது அவன் தன்னை அறிந்தே நெருப்பை எடுத்து மடியில் கட்டிக்கொண்டது. அதை எடுத்துவிட்டால் மிச்சம் ஒரு நல்ல மன்னன். நல்ல மன்னர்களுக்கு நம் காவியங்களில் பஞ்சமில்லை. இதைவிட மைக்கேல் மதுசூதன தத்தர் 1861-ல் வங்காளியில் செய்தது கூர்மையானது. அவருடைய இராவணன் உயர்த்தப்பட்டும், மகனைப் பறிகொடுத்த தகப்பனாக நிற்கிறான். தான் மூட்டிய தீயின் சூடு அவன்மேல் படுகிறது.

நளன் கதையில் தமயந்தியின் முன்னால் ஐந்து நளன்கள் நிற்கிறார்கள். நான்கு பேர் தேவர்கள். எப்படிக் கண்டுபிடித்தாள்? வியாசரில் அவள் சத்தியத்தின்மேல் வேண்டிக்கொள்ள, தேவர்கள் தங்கள் லக்ஷணங்களைக் காட்டிவிடுகிறார்கள். வியர்வையில்லை, கண் இமைக்கவில்லை, மாலை வாடவில்லை, கால் தரையில் படவில்லை, நிழல் இல்லை. புகழேந்தியும் இமைப்பு, நிலம் தோயும் அடி, வாடும் மாலை என்று இதே வழியில்தான் போகிறார். வாடுவதும் வியர்ப்பதும்தான் அசலின் அடையாளம். இன்று நம் பத்திரிகைகளில் வருகிற புராணக் கவிதைகளில் பலவற்றைப் படிக்கும்போது எனக்குத் தமயந்தியின் ஞாபகம் வருகிறது. சீதை பேசுகிறாள், மணிமேகலை பேசுகிறாள், பாஞ்சாலி பேசுகிறாள், எல்லோரும் ஒரே குரலில், அந்த மாதத்தில் கவிஞர் படித்த புத்தகத்தின் குரலில். ஒருத்திக்கும் நிழல் விழவில்லை. கருத்தில் எனக்கு மறுப்பில்லை, பல சமயம் கருத்து சரியானதுதான். ஆனால் அவள் என்ன உணர்ந்தாள் என்பதை அவள் விழுவதற்கு முன்னாலேயே எழுதிவிட்டார்கள். இதைக் கதாபாத்திரத்துக்கு இழைத்த அநீதி என்று சொன்னால் என் நண்பர் சிரிப்பார். சரி, சிரிக்கட்டும், அவளோடு முப்பது நாற்பது வருஷம் பழகிய வாசகனுக்கு இழைத்த அவமரியாதை என்று சொல்கிறேன். அவன் காகிதத்தில் இல்லை.

பாத்திரமே எழுந்து வழக்காடிய சம்பவமும் இலக்கியத்தில் உண்டு. 'டான் குயிக்ஸாட்' முதல் பாகம் 1605-ல் வந்தது. 1614-ல் அவெல்லானேடா என்ற புனைபெயரில் யாரோ ஒருவர் இரண்டாம் பாகம் எழுதி வெளியிட்டுவிட்டார். செர்வான்டிஸ் கோர்ட்டுக்குப் போகவில்லை. தன் சொந்த இரண்டாம் பாகத்தில், 1615-ல், குயிக்ஸாட்டை ஒரு சத்திரத்தில் தங்க வைத்து, பக்கத்து அறையில் சிலர் அந்தப் போலிப் புத்தகத்தைப் பற்றிப் பேசுவதைக் கேட்கச் செய்தார். குயிக்ஸாட் கொதித்தெழுவது எதற்கு? தான் துல்சினேயா மேல் காதலை விட்டுவிட்டதாக அதில் எழுதியிருப்பதற்கு. தன் பைத்தியத்தைப் பரிகசித்ததை அவன் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காதலை விட்டவன் நானாக இருக்க முடியாது, அவ்வளவுதான் அவன் வாதம். (சாஞ்சோவின் மனைவி பெயரைப் போலி ஆசிரியர் தப்பாக எழுதிவிட்டார் என்றும் ஒரு குறை சொல்லப்படுகிறது. முதல் பாகத்தில் செர்வான்டிஸே அவளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பெயர் வைத்திருந்தார். பெயர் ஒரு அளவுகோலே அல்ல என்பதற்கு இதுவும் சாட்சி.) போலிப் புத்தகத்தில் அவன் சரகோஸாவுக்குப் போனதாக இருப்பதால், அங்கே போகாமல் பார்சலோனாவுக்குப் பாதையை மாற்றிக்கொள்கிறான். பிறகு, போலிக் கதையில் வரும் ஆல்வரோ டார்ஃபே என்பவனை வழியில் சந்தித்து, நீர் அறிந்த குயிக்ஸாட் நானல்ல என்று ஊர் நியாயாதிபதி முன் எழுத்து மூலம் பிரமாணம் வாங்கிக்கொள்கிறான். மாற்றுலகப் பாத்திரங்களுக்கிடையில் இதைவிடச் சுத்தமான தஸ்தாவேஜு இருக்க முடியாது. கடைசியில் செர்வான்டிஸ் அவனைச் சாகடித்தார், இனி யாரும் எழுப்ப முடியாதபடி. அந்த இடம் எனக்கு உறுத்துகிறது. அடுத்தவன் தொடக்கூடாது என்பதற்காகக் கொல்வதும் ஒரு சொந்தம் கொண்டாடல்தான்.

சொந்தம் பற்றிய வாதத்தை நான் முழுக்க ஏற்கவில்லை. எழுதியவனுடைய சொத்து, அனுமதியில்லாமல் தொடாதே என்றால், ஜீன் ரைஸ் 1966-ல் 'வைட் ஸர்கஸோ ஸீ' எழுதியிருக்க முடியாது. ஷார்லட் பிராண்டேயின் 'ஜேன் அயர்' நாவலில் மாடியில் பூட்டி வைக்கப்பட்டு மிருகம்போல் உறுமிய பெர்த்தாவுக்கு அன்டாய்னெட் என்று ஒரு பெயரும், கரீபியத் தீவில் ஒரு பால்யமும் கொடுத்தார் ரைஸ். டொமினிக்காவில் பிறந்து இங்கிலாந்துக்கு வந்தவர் அவர். அந்த மாடி அறையின் குளிர் அவருக்குத் தெரியும். ஆனால் தீயை அணைக்கவில்லை. மாடியும் இருக்கிறது, மெழுகுவர்த்தியும் இருக்கிறது. அவளைக் காப்பாற்றி எங்காவது அனுப்பிவிட ரைஸுக்கு ஆசை இல்லாமலா இருந்திருக்கும்?

ஒன்று மட்டும் என் கணக்கில் அடங்க மறுக்கிறது. ஜே.எம். கூட்ஸி 1994-ல் 'த மாஸ்டர் ஆஃப் பீட்டர்ஸ்பர்க்' என்று ஒரு நாவல் எழுதினார். 1869-ல் தாஸ்தாயெவ்ஸ்கி, வளர்ப்பு மகன் பாவெல் இறந்த செய்தி கேட்டு, ரகசியமாகப் பீட்டர்ஸ்பர்குக்குத் திரும்புகிறார். மகன் உயரத்திலிருந்து விழுந்து இறந்திருக்கிறான். தற்கொலையா கொலையா என்று தெரியவில்லை. அவனுடைய அறையில் தங்கி, அவன் உடையை அணிந்து, அவன் தாள்களைப் படித்து, கடைசியில் அவனையே எழுத்தாக்கிவிடுகிறார். எழுதியது துரோகம் என்பதும் அவருக்குத் தெரிகிறது. கூட்ஸியின் சொந்த மகன் 1989-ல், இருபத்துச் சொச்ச வயதில், விழுந்து இறந்தவன். அந்தத் துக்கத்தை வைக்க அவருக்கு ஒரு இடம் வேண்டியிருந்தது. வேறொரு தகப்பனின் உலகத்தில், வேறொரு மகனின் சாவில் வைத்தார். நாவலில் நிழல் விழுகிறது, அடி நிலத்தில் படுகிறது, விலை கொடுக்கப்படுகிறது. தமயந்தியின் சோதனையில் தேறிவிடும். ஆனால் இங்கே கிளை பிரியும் இடம் ஒரு கதாபாத்திரத்தின் வாழ்வில் அல்ல, ரத்தமும் சதையுமாக இருந்த ஒருவனின் வாழ்வில். அவன் விழுந்தான் என்று இன்னொருவர் எழுதிவிட்டார். பாவெல் இஸாயெவ் ஓயாமல் பணம் கேட்டுத் தொல்லை கொடுத்தவன், மாற்றாந்தகப்பனுக்குப் பெரிய சந்தோஷம் எதையும் தந்தவனல்ல. 1869-ல் அவன் சாகவில்லை. 1881-ல் தாஸ்தாயெவ்ஸ்கி இறந்தபோது அவன் உயிரோடிருந்தான். அதற்குப் பிறகும் பல வருஷங்கள் இருந்தான்.